டேஷ்போர்டை இறக்கி கூலிங் காயில் மாற்றினேன்: முழு விவரம்

கார் ஏசி மறுபடி வேலை செய்கிறது. நடு வென்ட்டில் செருகிய தெர்மாமீட்டர் மத்தியான வெயிலில் 8 டிகிரி காட்டுகிறது. வேலை தொடங்குமுன் அதே இடத்தில் 17 இருந்தது. காற்றைக் குளிரவைக்கும் கூலிங் காயிலை மாற்றுவதற்காக டேஷ்போர்டை மொத்தமாக வெளியே எடுத்து, திரும்ப மாட்டி, ஒரு ஸ்க்ரூகூட மிச்சமில்லாமல் முடித்திருக்கிறேன். இதைச் செய்யப்போகிறவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

வண்டி 2009 மாடல், சின்ன பெட்ரோல் ஹேட்ச்பேக். சென்னையில்தான் ஓடுகிறது, வீட்டு வாசலில் வேப்ப மரத்தடியில்தான் நிற்கிறது. அந்த மரத்துக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் உண்டு. ஏர்பேக் இல்லாத மாடல். இந்தியாவில் டிரைவர் பக்க ஏர்பேக் 2019 ஜூலையிலிருந்துதான் எல்லா கார்களுக்கும் கட்டாயமானது. அதற்கு முந்தைய அடிப்படை மாடல்கள் பலவற்றில் இருக்காது. உங்கள் வண்டியில் ஏர்பேக் இருந்தால் நான் எழுதியிருப்பதை அப்படியே செய்யாதீர்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு சில நிமிடம் காத்திருக்காமல் மஞ்சள் நிறக் கப்ளர் (வயர்களை இணைக்கும் பிளக்) எதிலும் கை வைக்கக் கூடாது, மல்டிமீட்டரை எப்போதுமே வைக்கக் கூடாது. அந்த வேலை தெரிந்த ஒருவர் கூட இருக்க வேண்டும்.

பிரச்சினை இதுதான். கேஸ் நிரப்பினால் சில வாரம் நன்றாகக் குளிரும். அப்புறம் மெதுவாகக் குறைந்துகொண்டே வந்து ஒரு நாள் வெறும் காற்று மட்டும் வரும். மறுபடி கேஸ், மறுபடி அதே கதை. ஒரு கடையில் கண்டென்சர் என்றார்கள், இன்னொரு கடையில் கம்ப்ரெஸரையே மாற்றச் சொன்னார்கள். சோப்பு நுரை தடவிப் பார்த்ததில் பானெட்டுக்குக் கீழே எந்த ஜாயின்ட்டிலும் ஒரு குமிழிகூட வரவில்லை. நுரை வைத்துப் பார்க்க முடியாத ஒரே இடம் டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில்.

எங்கள் தெருவில் ஏசி வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் கேஸோடு சேர்த்து யூ.வி. டை ஏற்றிவிட்டார். கசிகிற இடத்தில் எண்ணெயோடு சேர்ந்து இந்தச் சாயமும் வெளியே வரும், யூ.வி. டார்ச் அடித்தால் பளிச்சென்று தெரியும். கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு ராத்திரி வண்டியைக் காட்டினேன். எஞ்சின் பக்கம் எங்கேயும் இல்லை. வண்டிக்கு அடியில் ஏசி தண்ணீர் சொட்டும் ரப்பர் குழாயின் வாயில் மட்டும் மஞ்சள் பச்சையாக ஒரு வளையம்.

"காயில்தானா அண்ணே?"

"காயிலேதான் தம்பி. ஆனா டேஷ்போர்டை இறக்கணும். எனக்கு ரெண்டு நாள் அதுலயே போயிடும். நீங்களே கழட்டி வச்சிட்டீங்கன்னா நான் வந்து கேஸ் வேலையை முடிச்சுக் குடுத்துடறேன்."

இதைக் கேட்டதும்தான் தைரியம் வந்தது. வெளியே கேட்ட விலை 17,000 ரூபாய். அதில் கூலி மட்டும் 6,500. அந்தக் கூலியில் பெரும்பங்கு டேஷ்போர்டைக் கழற்றி மாட்டுவதற்குத்தான்.

தொடங்குமுன் ஒன்று. சில கார்களில் க்ளவ் பாக்ஸை எடுத்துவிட்டாலே காயில் பெட்டி வெளியே வந்துவிடும். முதலில் உங்கள் வண்டியில் அப்படி இருக்கிறதா என்று பாருங்கள். என் வண்டியில் டேஷ்போர்டுக்குள் குறுக்கே ஓடும் இரும்பு பார் பெட்டிக்கு முன்னால் நிற்கிறது, அது இறங்காமல் பெட்டி அசையாது. க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக்கை வெட்டி வழி செய்கிறவர்களும் இருக்கிறார்கள். வேலை சீக்கிரம் முடியும், உண்மைதான். ஆனால் அந்த பிளாஸ்டிக்தான் க்ளவ் பாக்ஸைத் தாங்குகிறது. வெட்டிய பிறகு அந்த மூலை ஆயுசுக்கும் கடகடக்கும். எனக்கு அந்த வழியில் உடன்பாடு இல்லை.

பெரிய கருவிகள் எதுவும் தேவைப்படவில்லை. 10, 12, 14 எம்.எம். சாக்கெட்டுகள், சின்ன ராட்செட், ஆறு இஞ்ச் எக்ஸ்டென்ஷன் ராடு, நீளமான ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் ஒன்று, குட்டையானது ஒன்று, முனையில் காந்தம் வைத்த குச்சி, தலையில் மாட்டும் லைட். புதிதாக வாங்கியது பேனல் நெம்பும் பிளாஸ்டிக் கருவிகளின் செட் மட்டும், 350 ரூபாய். இரும்பு டெஸ்டரை வைத்து நெம்பினால் பிளாஸ்டிக்கில் விழும் பல்தடம் போகவே போகாது, அதனால் இந்தச் செலவைத் தவிர்க்காதீர்கள். மாஸ்கிங் டேப், மார்க்கர், பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் வொயிட்னர் பேனா ஒன்று. வொயிட்னர் எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

எல்லாவற்றையும்விட உதவியது ஒரு பெரிய அட்டைதான். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை விரித்து, அதில் டேஷ்போர்டின் உருவத்தை மார்க்கரால் வரைந்தேன். எந்த இடத்திலிருந்து ஸ்க்ரூவைக் கழற்றினேனோ, படத்தில் அதே இடத்தில் அட்டையில் குத்தி நிறுத்தினேன். பக்கத்தில் வரிசை எண். டப்பாவில் மொத்தமாகப் போட்டுவைத்தால் என்ன ஆகும் என்றால், எல்லா ஸ்க்ரூவும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், நீளம் மட்டும் வேறு. என் வண்டியில் 16 எம்.எம்., 20 எம்.எம். என்று இரண்டு நீளம். மீட்டருக்கு மேலே வரும் மூடியில் 20-ஐப் போட்டு முறுக்கினால் முனை வெளிப்புறம் வந்து எட்டிப்பார்க்கும். திரும்ப மாட்டும்போது எண்களைப் பின்னாலிருந்து முன்னால் படித்துக்கொண்டே போனால் போதும்.

முதல் வேலை கேஸை எடுப்பது. அண்ணன் மெஷினில் இழுத்து எடுத்துக்கொண்டார். காற்றில் திறந்துவிடாதீர்கள், ஏசி கேஸான ஆர்-134ஏ புவியைச் சூடாக்கும் வாயு, அதோடு திரவமாகப் பீய்ச்சியடித்தால் கடுங்குளிரில் கை உறைந்து புண்ணாகிவிடும். எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகடான பயர்வாலில் இரண்டு ஏசி பைப்பையும் கழற்றிய அடுத்த நொடி நான்கு வாய்களையும் டேப் போட்டு அடைத்தேன். சென்னைக் காற்றின் ஈரம் உள்ளே போனால் அதை வெளியேற்றத்தான் அதிக நேரம் ஆகும்.

அப்புறம் பேட்டரி நெகட்டிவ். அதன் பிறகு முன் சீட்டுகள் இரண்டும், ஒவ்வொன்றுக்கும் நான்கு 14 எம்.எம். போல்ட். சீட்டைக் கழற்ற வேண்டிய அவசியம் இல்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. கழற்றுங்கள். அரை மணி நேர வேலைதான், அதற்குப் பதிலாக மீதி வேலை முழுவதும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து செய்யலாம், முதுகு தப்பிக்கும்.

பேனல்கள் கழலும் வரிசை: இரண்டு பக்கத் தூண் மூடிகள், கதவோரப் பட்டைகள், கியர் கன்சோல், க்ளவ் பாக்ஸ், ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள பேனல், ஸ்டீயரிங் காலம் (ஸ்டீயரிங்கைத் தாங்கும் தண்டு) மூடி, மீட்டர் மூடி, மீட்டர், நடு ஃபேசியா (ஸ்டீரியோவைச் சுற்றியுள்ள முகப்பு), ஸ்டீரியோ, ஏசி கன்ட்ரோல். இவற்றில் பாதி ஸ்க்ரூவில் நிற்கிறது, பாதி கிளிப்பில். பதினைந்து வருஷத்துக்கு மேல் வெயிலில் காய்ந்த கிளிப் காலையில் தொட்டால் ஒடிகிறது, வண்டி வெயிலில் நின்று சூடேறிய பிறகு வளைந்து கொடுக்கிறது. அதனால் நெம்புகிற வேலை எல்லாவற்றையும் பதினோரு மணிக்கு மேல் வைத்துக்கொண்டேன். வியர்த்துக் கொட்டியது, ஆனால் அதற்குப் பிறகு ஒடிந்தவை மிகக் குறைவு.

கப்ளர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். லாக்கை அழுத்திக்கொண்டு நேராக இழுத்தால் பழைய கப்ளர் வராது, லாக்தான் ஒடியும். முதலில் கப்ளரை இன்னும் உள்ளே தள்ளுங்கள். லாக்கின் மேல் உள்ள பிடிமானம் விடும். அந்த நிலையில் லாக்கை அழுத்தி, பிளாஸ்டிக் உடலைப் பிடித்து இழுத்தால் சிரமமில்லாமல் வரும். வயரைப் பிடித்து இழுக்கவே கூடாது. கழற்றுமுன் ஒரு போட்டோ, கழற்றியதும் ஆண் பெண் இரண்டு பக்கத்திலும் மாஸ்கிங் டேப்பில் ஒரே எண். இரண்டு பக்கமும் என்பதுதான் முக்கியம், ஒரு பக்கம் மட்டும் எழுதினால் எழுதாததற்குச் சமம்.

வொயிட்னர் பேனா ஏசி கன்ட்ரோல் கேபிள்களுக்காக. என் வண்டியில் சூடு, காற்றின் திசை, வெளிக்காற்று என்று மூன்று கேபிள்கள், பெட்டியில் உள்ள சின்னக் கைகளை இழுத்துத் தள்ளுகின்றன. ஒவ்வொரு கேபிளின் வெளி உறையும் ஒரு கிளிப்பில் மாட்டி நிற்கும். அந்தக் கிளிப்பின் இரண்டு ஓரத்திலும் உறையின் மேல் வெள்ளைக் கோடு போட்டேன். திரும்ப மாட்டும்போது உறை அந்தக் கோட்டிலிருந்து நான்கைந்து எம்.எம். தள்ளிப்போனால் என்ன ஆகும் என்றால், குமிழை முழுக்கக் குளிருக்குத் திருப்பினாலும் உள்ளே ஹீட்டர் கதவு முழுசாக மூடாது. சூடான காற்று கொஞ்சம் கலந்துகொண்டே இருக்கும். புதுக் காயில் போட்டும் குளிரவில்லை என்று தேடுகிறவர்கள் இதையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

ஸ்டீயரிங்கைக் கழற்ற வேண்டாம். ஸ்டீயரிங் காலத்தைப் பிடித்திருக்கும் 12 எம்.எம். போல்ட்டும் நட்டும் நான்கு. அவற்றை எடுத்தால் காலம் மெல்லக் கீழே இறங்கும், தரையில் ஒரு தலையணை வைத்து அதன்மேல் படுக்கவைத்துவிட்டேன்.

இனி டேஷ்போர்டின் பிரதான போல்ட்டுகள். இரண்டு ஓரத்திலும் இரண்டிரண்டு, நடுவில் தரையோடு சேரும் பிராக்கெட்டில் இரண்டு, கண்ணாடிக்கு அடியில் மேல்பக்கம் சில. எல்லாம் எடுத்த பிறகும் நடுப்பகுதி மட்டும் ஒட்டிக்கொண்டே இருந்தது. இந்த இடத்தில்தான் பலர் இழுத்து உடைத்துவிடுகிறார்கள். ஒரு இடம் மட்டும் வரவில்லை என்றால் அங்கே ஒரு போல்ட் இருக்கிறது என்றுதான் அர்த்தம். தேடிப் பார்த்ததில் கண்ணாடி ஓர டீஃப்ராஸ்டர் கிரில்லுக்குள், பத்து பைசா அளவு ரப்பர் மூடிக்கு அடியில் இருந்தது. ஆறு இஞ்ச் எக்ஸ்டென்ஷன் இல்லாமல் அது கைக்கு எட்டாது, முன் கண்ணாடி இடிக்கும். காந்தக் குச்சியால் தூக்கி எடுத்தேன்.

டேஷ்போர்டைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். கனம் பெரிதில்லை, நீளம்தான் சிரமம். என் மைத்துனர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஒரு சாண் அளவு மட்டும் பின்னால் இழுத்து நிறுத்திவிட்டு, பின்பக்கம் டார்ச் அடித்து விட்டுப்போன வயர் ஏதாவது இழுபடுகிறதா என்று பார்த்தோம். சிகரெட் லைட்டர் கப்ளர் ஒன்று இருந்தது. அதையும் கழற்றிய பிறகு ஒரு முனையைச் சாய்த்து இடது கதவு வழியாக வெளியே எடுத்தோம். விரித்த பழைய போர்வையின் மேல் முகம் மேலே பார்க்க வைத்தோம். குறுக்கு பார் அதற்குப் பிறகு தனியாக வந்தது.

காயில் பெட்டி இரண்டு பாதிகளாக, ஸ்டீல் கிளிப்களாலும் சில ஸ்க்ரூக்களாலும் மூடியிருக்கும். திறந்தேன். காயிலின், காற்றை ஊதும் ப்ளோயர் பக்கத்து முகம் கண்ணுக்கே தெரியவில்லை. வேப்பிலைக் காம்புகள், பூ, மண், ரோமம் எல்லாம் ஈரத்தில் ஊறிக் காய்ந்து வறட்டிபோல் ஒரு விரல் கனத்துக்கு ஒட்டியிருந்தது. ஒரு மூலையைப் பிடித்து உரித்ததும் துண்டாகவே வந்தது. இந்த வண்டியில் கேபின் ஃபில்டர் கிடையாது. வைப்பருக்குக் கீழே உள்ள ஓட்டை வழியாக வருவது எல்லாம் நேராகக் காயிலில்தான் போய் முட்டும். கீழ் மூலையில் சருகு எப்போதும் ஈரமாக இருந்த இடத்தில் அலுமினியத் தகடுகள் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தன. அந்தப் பொடிக்கு நடுவே உள்ளங்கை அளவு எண்ணெய்க் கறை. யூ.வி. டார்ச் அடித்தால் அங்கேதான் ஒளிர்ந்தது. தண்ணீர் வடியும் துளையும் முக்கால்வாசி அடைத்திருந்தது. ஓட்டை விழுந்ததற்குக் காரணம் வண்டியும் இல்லை, காயிலும் இல்லை. மரத்தடியில் நிறுத்தி, இத்தனை வருஷம் பெட்டியைத் திறந்து சுத்தம் செய்யாமல் விட்டதுதான்.

பழைய காயிலைப் பையில் போட்டுக்கொண்டு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போனேன். மாடல் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள், ஒரே மாடலில் இரண்டு மூன்று வகைக் காயில் இருக்கும். பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என்னுடையது 23 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம், 6 செ.மீ. கனம். முதலில் காட்டிய காயிலில் அளவெல்லாம் சரி, பைப் வளைவு மட்டும் சுமார் 10 டிகிரி மாறியிருந்தது. "லேசா வளைச்சுக்கலாம் சார்" என்றார் கடைக்காரர். அலுமினியப் பைப்பை வளைத்துப் பொருத்தினால் வெல்டிங் இடத்தில் வெடிப்பு விடும், வேண்டாம் என்று சொல்லி வேறு எடுத்துத் தரச் சொன்னேன். சரியானது 3,400 ரூபாய். கூடவே எக்ஸ்பான்ஷன் வால்வு (காயிலுக்குள் போகும் கேஸின் அளவைக் கட்டுப்படுத்துவது) 850, ரிசீவர் டிரையர் (கேஸில் உள்ள ஈரத்தை உறிஞ்சுவது) 700, ஜாயின்ட்டில் போடும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங் செட் 180, கம்ப்ரெஸருக்கான பாக் 46 எண்ணெய் 250. டேஷ்போர்டு வெளியே இருக்கும்போது எக்ஸ்பான்ஷன் வால்வை மிச்சம் பிடிப்பது சரியான சிக்கனம் இல்லை. அதுவும் பெட்டிக்குள்தான் இருக்கிறது, நாளை அடைத்துக்கொண்டால் மறுபடி இதே வேலை. ஒடிந்த கிளிப்களுக்கு மாற்று வாங்கப் புதுப்பேட்டை பக்கம் போனேன். பழைய டேஷ்போர்டிலிருந்து பிய்த்த கிளிப்பை மாதிரி காட்டினால் கைநிறைய எடுத்துத் தருகிறார்கள்.

பெட்டியைச் சோப்புத் தண்ணீர் விட்டு பிரஷ்ஷால் கழுவி, வெயிலில் காயவைத்தேன். பழைய ஃபோம் தொட்டாலே மாவாக உதிர்ந்தது. அதன் இடத்தில் 5 எம்.எம். கனமுள்ள, தண்ணீர் குடிக்காத வகை ஃபோம் டேப் ஒட்டினேன். மெத்தைக் கடையில் கிடைக்கும் சாதா ஸ்பான்ஞ்சை ஒட்டினால் அது ஏசித் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு நாற்றமெடுக்கும். புதுக் காயிலுக்குள் 30 மில்லி எண்ணெய் ஊற்றினேன், பழையதோடு வெளியே போன எண்ணெய்க்கு ஈடாக. ஓ-ரிங்குகளை அதே எண்ணெயில் நனைத்துப் போட வேண்டும், கிரீஸ் ஆகாது. டிரையரின் மூடிகளைக் கடைசி நிமிடம் வரைக்கும் திறக்கக் கூடாது.

வெப்பநிலை சென்சார் காயிலின் தகடுகளுக்கு நடுவே ஒரு கிளிப்பில் செருகியிருக்கும். அது இருந்த வரிசையையும் ஆழத்தையும் பழைய காயிலில் அளந்து, புதியதில் அதே இடத்தில் செருகினேன். குளிர் குறைவான மூலையில் வைத்துவிட்டால் கம்ப்ரெஸர் நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காது, காயில் பனிக்கட்டியாக உறைந்துவிடும்.

இப்போது டேஷ்போர்டை மாட்டாமல் இருக்கும்போதே அண்ணனைக் கூப்பிட்டேன். இந்த வேலையில் நான் எடுத்த நல்ல முடிவு இதுதான் என்று நினைக்கிறேன். அவர் நைட்ரஜன் சிலிண்டரோடு வந்து 150 பி.எஸ்.ஐ. ஏற்றினார். ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் நுரை. ஒரு மணி நேரம் கேஜ் முள் அசையவில்லை. எல்லாவற்றையும் மாட்டிய பிறகு இதைச் செய்து, உள்ளே ஒரு ஓ-ரிங் கசிந்தால் மொத்தத்தையும் திரும்பக் கழற்ற வேண்டியிருக்கும். பஞ்சர் கடைக் காற்றில் டெஸ்ட் செய்யலாமே என்று தோன்றும், வேண்டாம், அதில் ஈரம் இருக்கும்.

டேஷ்போர்டு வெளியே இருக்கும் சமயம் வேறு என்னவெல்லாம் பார்க்கலாமோ எல்லாம் பார்த்தேன். ஹீட்டர் காயில் ஜாயின்ட்டில் கூலன்ட் காய்ந்த படிவு ஏதும் இல்லை, அதனால் தொடவில்லை. ப்ளோயரைத் துடைத்து, புஷ்ஷில் ஒரு சொட்டு எண்ணெய். மீட்டருக்குப் பின்னால் உள்ள 1.2 வாட் பல்புகளை எரிகிறதோ இல்லையோ எல்லாவற்றையும் மாற்றினேன், 100 ரூபாய்தான்.

இதில் எதிர்பாராமல் கிடைத்தது ஒன்று உண்டு. ரொம்ப நாளாக இண்டிகேட்டர் போட்டால் பெட்ரோல் முள்ளும் அதோடு சேர்ந்து துடிக்கும். மீட்டரைச் சந்தேகப்பட்டிருந்தேன். டேஷ்போர்டை எடுத்ததும் வலது பக்கத் தகட்டில் எர்த் வயர்கள் நான்கைந்து ஒரே 10 எம்.எம். போல்ட்டில் சேர்ந்திருப்பது தெரிந்தது. அந்த வளையங்களுக்கு அடியில் பச்சையும் பழுப்புமாகத் துரு. கழற்றி, உப்புத்தாள் போட்டு வளையத்தையும் தகட்டையும் பளபளக்கத் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினேன். துடிப்பு நின்றுவிட்டது. பழைய வண்டியில் மீட்டர் முள் காரணமில்லாமல் ஆடினால் மீட்டரை மாற்றுமுன் எர்த்தைப் பாருங்கள்.

ஒடிந்த பிளாஸ்டிக் காதுகளை ஒட்டுவதற்கு முன் பேனலின் பின்பக்கம் அச்சில் பொறித்திருக்கும் பிளாஸ்டிக் வகையின் எழுத்தைப் படிக்க வேண்டும். ஏ.பி.எஸ். என்று இருந்தால் சூப்பர் பசையும் மேலே தூவும் சமையல் சோடாவும் கல்லாக நிற்கும். பி.பி. என்று இருந்தால் சாதாரணப் பசை எதுவும் நிலைக்காது, சீக்கிரமே விட்டுவிடும். அதற்கு வேறு வழி: ஸ்டேப்ளர் பின்னை வெடிப்புக்குக் குறுக்கே வைத்து, 25 வாட் சால்டரிங் அயர்னால் அழுத்திப் பிளாஸ்டிக்குக்குள் புதைப்பது. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பின். க்ளவ் பாக்ஸின் காது இப்படித்தான் நிற்கிறது, இழுத்துப் பார்த்துவிட்டேன், அசையவில்லை.

டேஷ்போர்டைக் கழற்றினால் அப்புறம் சத்தம் வரும் என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். சத்தம் கழற்றியதால் வருவதில்லை, மாட்டுவதில் காட்டும் அவசரத்தால் வருகிறது. பத்து ஸ்க்ரூ இருந்த இடத்தில் ஏழு போட்டுவிட்டு 'பிடித்துவிட்டது, போதும்' என்று விட்டுவிடும் வழக்கம்தான் அந்தக் கீச்சொலிகளுக்கெல்லாம் காரணம். கழற்ற ஆன நேரத்தைப்போல் இரண்டு மடங்கு நேரத்தை மாட்டுவதற்கு ஒதுக்கினேன். பேனல்கள் ஒன்றோடொன்று உரசும் ஓரங்களில் ஃபெல்ட் டேப், 150 ரூபாய்ச் சுருளில் பாதிகூடச் செலவாகவில்லை. தொங்கும் வயர்களைக் குறுக்கு பார்மேல் பழைய இடத்திலேயே டேக் போட்டுக் கட்டினேன். கழற்றும்போது சில உலோகக் கிளிப்கள் பேனலோடு வராமல் பாடியின் துளையிலேயே தங்கிவிடும். அவற்றைப் பிடுங்கிப் பேனலில் மாட்டிய பிறகுதான் பேனலை அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் பேனல் உட்கார்ந்தது போலத் தெரியும், முதல் பள்ளத்திலேயே எழுந்துவிடும்.

போல்ட்டுகளை முதலில் எல்லா இடத்திலும் கையாலேயே இரண்டு மூன்று சுற்று ஏற்றிவிட வேண்டும். எல்லாம் பிடித்த பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு இறுக்கிக்கொண்டு போக வேண்டும். ஒரு ஓரத்தை முதலிலேயே முழுக்க இறுக்கினால் மறு ஓரத்துத் துளை ஒத்துவராது. ஸ்டீயரிங் காலத்தின் நான்கையும் மட்டும் முழு பலத்தில் இறுக்கி, மேலே மார்க்கர் கோடு போட்டுவைத்தேன். உயிர் சம்பந்தப்பட்ட இடம், அடுத்த வாரம் மறுபடி ஒருதரம் இறுக்கிப் பார்த்தேன்.

கடைசிப் பேனல்களை மூடுவதற்கு முன் பேட்டரியை மாட்டி எல்லாவற்றையும் ஓட்டிப் பார்ப்பது அவசியம். ஹாரன், வைப்பர், இண்டிகேட்டர், ஹெட்லைட், பிரேக் லைட், ப்ளோயரின் நான்கு வேகம், மூன்று கேபிளின் முழு ஓட்டம். எனக்குப் பின் வைப்பர் மட்டும் ஓடவில்லை, எண் 14 கப்ளர் பாதிதான் உட்கார்ந்திருந்தது. 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுத்தியதும் சரி.

அண்ணன் மறுபடி வந்து, பைப்புகளுக்குள் இருந்த காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க முக்கால் மணி நேரம் வேக்யூம் போட்டார், பம்ப்பை நிறுத்திய பிறகும் கேஜ் முள் 29 இஞ்சிலேயே நின்றது. கேஸ் தராசில் நிறுத்து 450 கிராம். பானெட்டுக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கும், அந்த எடைதான் கணக்கு. கேஜைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஏற்றினால் கூடவோ குறையவோ போகும், கூடப் போனாலும் குளிர் குறையும். எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்றில் ஓடும்போது கேஸின் அழுத்தம் லோ பக்கம் 32, ஹை பக்கம் 220 பி.எஸ்.ஐ. அன்றைய வெயிலுக்குச் சரியான அளவு.

செலவு: பாகங்களும் எண்ணெயும் 5,380, ஃபோம் டேப் 120, ஃபெல்ட் டேப் 150, கிளிப்கள் 240, பல்புகள் 100, நெம்பும் கருவி 350, வலை 60, கேஸ் எடுத்தது முதல் திரும்ப ஏற்றியது வரை அண்ணனுக்கு 2,800. மொத்தம் 9,200 ரூபாய்.

அடுத்த தடவை மாற்றிச் செய்யப்போவது சில உண்டு. நடு ஃபேசியாவைக் கழற்றுமுன் கண்ணாடிப் பக்கத்து விளிம்பிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுவேன், எக்ஸ்டென்ஷன் ராடு உரசி அங்கே ஒரு கீறல் விழுந்திருக்கிறது. போட்டோ எடுப்பதைவிடக் கழற்றும்போது முழுக்க வீடியோ ஓடவிடுவது நல்லது. வயர் எந்தப் பக்கத்திலிருந்து எதற்குப் பின்னால் போகிறது என்பது போட்டோவில் தெரிவதில்லை. கிளிப்களைக் கழற்றுமுன்பே பத்து வாங்கி வைத்துக்கொள்வேன், அதற்காகவே வேலையைப் பாதியில் நிறுத்திப் புதுப்பேட்டை போக வேண்டியிருந்தது.

கணக்கில் எழுதிய வலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வைப்பருக்குக் கீழே காற்று உள்ளே போகும் ஓட்டைக்கு மேல் ஃபைபர் கொசுவலை ஒன்றை அளவாக வெட்டி, ஓரத்தில் டேக் போட்டுக் கட்டியிருக்கிறேன். காற்றின் வேகம் குறைந்ததாகத் தெரியவில்லை. முதல் மாதத்திலேயே ஒரு பிடி சருகு அதில் சேர்ந்திருந்தது. வைப்பர் கைகளைக் கழற்றாமலே எடுத்து உதற முடிகிற மாதிரி கட்டினால் போதும், மாதம் ஒருமுறை பத்து நிமிட வேலை. இடது தூண் மூடிக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே மட்டும் 2 எம்.எம். இடைவெளி இன்னும் இருக்கிறது. அந்த இடத்துக் கிளிப் வேறு அளவு, இன்னும் கிடைக்கவில்லை. கிடைத்ததும் அந்த மூடியை மட்டும் கழற்றி மாட்ட வேண்டும்.